சுண்டுவின் உப்பிய கன்னம்

சுண்டுவின் இடது கன்னம் உப்பியிருந்தது. வேறொரு காலமாக இருந்திருந்தால் அதைப் பார்த்து அவன் அம்மா சிலுப்பி பூரித்துப் போயிருப்பாள். அன்று காலையில் அவள் யாராவது பார்க்கிறார்களா என்று பயத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

சுண்டு ஒரு குட்டிக் குரங்கு. பால்குடி மறந்து, பழம் கடிக்கப் பழகி, ஓட்டமும் தாவலுமாகத் திரிகிற வயது. சிலுப்பி அவனைப் பெற்ற மந்தி. தலைமயிர் நாலா பக்கமும் சிலிர்த்து நிற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். குளக்கரையில் நின்ற பெரிய ஆலமரத்தில் இவர்களோடு இன்னும் இருபது இருபத்தைந்து குரங்குகள் குடியிருந்தன.

குரங்குகளுக்குக் கன்னத்துக்குள் ஒரு பை உண்டு. கிடைத்ததை எல்லாம் அதில் அடைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர மெல்லலாம். அதனால் அந்த மரத்தில் உப்பிய கன்னம் என்றால் பெருமை. "உங்க பிள்ளை கன்னம் என்னமா இருக்கு!" என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லிவிட்டால் போதும், கேட்டவளுக்கு அன்று முழுக்கப் பசிக்காது.

ஆனால் இந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. குளம் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழம் இருந்த மரம் ஒன்றே ஒன்றுதான். அது ஓர் அத்தி. தலைவன் வெள்ளைப்புருவன் ஒரு சட்டம் போட்டான். பறித்த பழம் எல்லாம் ஆலமரத்தடியில் குவிய வேண்டும். பொழுது சாயும்போது எல்லாருக்கும் சரிபங்கு. பங்குக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் வந்து கன்னத்தைக் காட்ட வேண்டும். காவலன் அமுக்கிப் பார்ப்பான். உள்ளே பழம் இருந்தால், கிழமோ குட்டியோ, ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இருந்தது. நான்கு நாட்களுக்கு முன்னால் ஒரு கடுவன் குரங்கு அப்படித் துரத்தப்பட்டுப் போனான். முதல் நாள் அங்கிருந்து அவன் கூப்பிடும் குரல் கேட்டது. மறுநாள் கேட்கவில்லை.

சிலுப்பி மகனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கன்னத்துல என்னடா வச்சிருக்க?"

சுண்டு தலையை ஆட்டினான். வாயைத் திறக்கவில்லை.

"பழமாடா? எப்ப எடுத்த? அம்மாகிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்."

மறுபடியும் தலையாட்டல்தான். இரண்டு உதடும் இறுக மூடியிருந்தன.

"துப்புடா, என் கண்ணுல்ல! யாரும் பாக்குறதுக்குள்ள துப்பிடுடா!"

அவள் விரலை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். சுண்டு துள்ளி, அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டிவிட்டது. எதையோ ஒளித்தவனுக்குத்தானே இந்தப் பயம் வரும் என்று சிலுப்பி நினைத்தாள். பெற்றவளே அப்படி நினைத்துவிட்டாள். மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

மேலே கிளை குலுங்கியது. மொட்டைவாலன் இறங்கி வந்தான். கன்னம் அமுக்கிப் பார்க்கும் காவலன் அவன்தான். எப்போதோ ஒரு சண்டையில் வாலைப் பாதியில் பறிகொடுத்தவன். காவலன் ஆனதிலிருந்து அவன் கன்னம் இரண்டும் ஒரே அளவாகப் பருத்திருந்தன; பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான், வாயைப் பெரிதாகத் திறப்பதே இல்லை. பதவி வந்ததும் சேர்ந்து வந்த மிடுக்கு அது என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

"என்ன சிலுப்பி, உன் மகன் மூஞ்சி ஒரு பக்கம் பௌர்ணமியா இருக்கு, ஒரு பக்கம் அமாவாசையா இருக்கு!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சும்மா வீக்கம்."

பொய் என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அதுதான் உண்மை என்பது அவளுக்கே தெரியாது.

"வீக்கமா! முந்தாநாள் குவியல்ல பழம் குறைஞ்சுது. நேத்தும் குறைஞ்சுது. இன்னிக்கு இவனுக்குக் கன்னம் வீங்கிடுச்சு. கேக்குறவன் கேனையனா இருந்தா நல்லாத்தான் இருக்கும் கதை!"

"அண்ணே, பச்சைப் பிள்ளைண்ணே..."

"சாயங்காலம் வரிசைக்கு வருவீல்ல? அப்பப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவன் தாவிப் போனான்.

அன்றைய பகல் சிலுப்பிக்கு நகரவே இல்லை. அத்தி மரத்துக்குப் போகும்போது சுண்டுவின் இடது கன்னம் தன் மார்பில் படும்படி அணைத்துக்கொண்டாள். யாராவது எதிரே வந்தால் கிளை மாறினாள். பக்கத்துக் கிளைக்காரி பூச்சி, "ஏன் மதினி, கண்டும் காணாமப் போறீங்க?" என்று கேட்டாள். சிலுப்பி காதில் வாங்காதவளாக விரைந்தாள். மகன் உடம்பு நெருப்பாகச் சுட்டது. வெயிலின் கொடுமை என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சிவேளையில் அவளுக்கு ஒரு தந்திரம் தோன்றியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்தக் காட்டில் கரும்பாலைக்கு எங்கே போவது? பழத்துக்குச் சட்டம் வருவதற்கு முன்பே, பங்குனியில் உதிர்ந்த இலுப்பைப் பூக்களைப் பொறுக்கி, காயவைத்து, ஒரு பொந்தில் சேர்த்து வைத்திருந்தாள் சிலுப்பி. தினமும் படுக்கும்போது ஒரு பூவைச் சுண்டுவின் கன்னத்தில் அடக்கிவிடுவாள். அதைச் சப்பிக்கொண்டே அவன் அடம் பிடிக்காமல் தூங்கிவிடுவான். இப்போது அதில் கொழுத்த ஒன்றாகப் பார்த்து எடுத்து, மகனின் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"இந்தா, பூ! வாயில இருக்குறதத் துப்பிட்டு இத வாங்கிக்க!"

சுண்டு பூவைப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிலுப்பி திகைத்துப் போனாள். இலுப்பைப்பூ வேண்டாம் என்று இவன் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. வயிறு முட்டத் தின்றவனுக்குத்தான் பூ வேண்டாததாகப் போகும். அப்படியானால் உண்மைதானா? எல்லாரும் பட்டினி கிடக்கும்போது தன் வயிற்றில் பிறந்தவன் திருடித் தின்கிறானா?

"திருட்டுப் புத்தி எங்கடா கத்துக்கிட்ட?" என்று கத்தியபடி அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். அவள் அவனை அடித்தது அதுதான் முதல் தடவை.

சுண்டு அழுதான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு அழுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்கக் கூடாத சத்தம் அது.

எதிரே வேப்பமரத்தில் பட்டுப்போன கிளை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்த மரங்கொத்தி, தட்டுவதை நிறுத்தினாள்.

"ஏத்தா, எதுக்குப் பிள்ளையப் போட்டு அடிக்கிற? முதல்ல வாய்க்குள்ள என்னன்னு பாரு!"

"உங்க வேலைய நீங்க பாருங்கக்கா!" என்று சீறினாள் சிலுப்பி. உள்ளே பழம் இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டி வருமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

மரங்கொத்தி மறுபடியும் தட்டத் தொடங்கினாள்.

பொழுது மேற்கே இருந்த யானைப்பாறைக்கு மேலே வந்து நின்றது. ஆலமரத்தடியில் பழம் குவிந்திருந்தது. அன்றும் குவியல் சிறுத்துத்தான் இருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒட்டிய வயிறுகள். ஒவ்வொருவராக முன்னே வந்து கன்னத்தைக் காட்ட, மொட்டைவாலன் அமுக்கி அமுக்கி அனுப்பினான்.

சிலுப்பியின் முறை வந்தது. மகனின் வலது கன்னம் வெளியே தெரியும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொட்டைவாலன் வலது கன்னத்தை அமுக்கினான்.

"இது சரி. அந்தப் பக்கத்தக் காட்டு."

"தூங்குறான் அண்ணே."

"கண்ணு ரெண்டும் முழிச்சிருக்கு, தூங்குறானாம்! திருப்பு!"

அவன் கை வந்து இடது கன்னத்தில் பதிந்தது. ஓர் அமுக்குத்தான். சுண்டு வீறிட்டுக்கொண்டு மொட்டைவாலன் விரலைக் கடித்தான். கடித்த வேகத்தில் தானே இன்னும் அதிகமாக அலறினான். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! கல்லாட்டம் அடைச்சு வச்சிருக்கான்! கேட்டா கடிக்கிறான்!"

கூட்டம் கொதித்தது.

"எம்பிள்ளைங்க ரெண்டு நாளா இலையத் தின்னுதுக!"

"தாய் தெரியாமலா மகன் எடுத்தான்?"

"ஆத்தைத் தாண்டட்டும்!"

வெள்ளைப்புருவன் கையை உயர்த்தினான். கூட்டம் அடங்கியது. அந்த அமைதியில், ஆற்றுக்கு அப்பால் இருந்து ரம்பம் மரத்தை அறுப்பது போல ஒரு சத்தம் வந்தது. சிறுத்தை விழித்துக்கொண்டது. குட்டிகள் எல்லாம் தாய்மார்களை ஒட்டிக்கொண்டன.

"சிலுப்பி, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றான் வெள்ளைப்புருவன். "ஆனா பிள்ளை சின்னவன். பொழுது பாறைக்குப் பின்னால இறங்குறதுக்குள்ள துப்பிட்டான்னா மன்னிச்சு விட்டுடுறேன். இல்லேன்னா நீயும் அவனும் கிளம்ப வேண்டியதுதான்."

சூரியனுக்கும் பாறைக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லை.

சிலுப்பி மண்டியிட்டு உட்கார்ந்தாள். "துப்புடா சுண்டு. அம்மா கெஞ்சுறேன்டா. ஒரு தடவை துப்பிடுடா!"

சுண்டு அவளையே பார்த்தான். தலையை ஆட்டினான். மூடிய உதட்டின் ஓரத்தில் எச்சில் வழிந்தது.

சூரியன் பாறையைத் தொட்டது.

சிலுப்பி எழுந்தாள். "எல்லாரும் மன்னிக்கணும். எம்புள்ள எடுத்தது தப்புதான். நானே எடுத்துப் போடுறேன்" என்று கூட்டத்தின் முன்னால் சொன்னாள். தன் பிள்ளை திருடன் என்று தன் வாயாலேயே சொன்னாள். பிறகு அவனைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தாடையைப் பிடித்து, வாயைத் திறந்தாள்.

உள்ளே பழம் இல்லை. ஒரு விதைகூட இல்லை.

முதலில் ஒரு நாற்றம் வந்தது. சாயும் வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. பல்லும் ஈறும் சேருகிற ஓரம் முழுக்க, கஞ்சிப்பானையின் விளிம்பில் காய்ந்த கஞ்சி ஒட்டியிருப்பது போல மஞ்சளாக ஒரு படலம். அதை ஒட்டி ஈறு சிவந்து தடித்திருந்தது. இடது பக்கம் பின்பல் ஒன்று கறுத்துக் குழிந்திருந்தது, அதன் அடியில் ஈறு சீழ் கோத்துப் புடைத்திருந்தது. கன்னத்தை உப்ப வைத்தது அதுதான். அவள் விரல் ஈறில் பட்ட இடத்தில் ரத்தம் துளிர்த்தது.

சிலுப்பி விரலை வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பார்கள். வேலமரத்துக்கு நடக்க வேண்டும். ஆலமரமோ அவர்கள் வீடாகவே இருந்தது. விழுதின் நுனியை மென்று மென்மையான நாராக்கி, காலையிலும் படுக்கும் முன்னும் குட்டிகளின் பல்லையும் ஈறையும் துடைத்துவிடுவது அந்த மரத்து வழக்கம். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து சிலுப்பியும் துடைத்துத்தான் வந்தாள். பிறகு சுண்டு ஓடத் தொடங்கினான். "நானே, நானே!" என்று நாரைப் பிடுங்கிக்கொண்டான். முன்பல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடினான். என் பிள்ளைக்கு எவ்வளவு சமர்த்து என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அந்தப் பிஞ்சுக் கை பின்பல்லை எட்டவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. தினமும் இலுப்பைப்பூ மட்டும் தவறாமல் கன்னத்தில் ஊறியது.

போன மாதம் ஒரு நாள் அவளே துடைத்தபோது நார் சிவந்தது. பதறிப்போய் நாரை வீசி எறிந்தாள். ரத்தம் வருகிறது, ஆறும்வரை தொடவே கூடாது என்று முடிவு செய்தாள். எப்படியும் விழப்போகிற பால்பல்தானே என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டாள். அன்றோடு நார் நின்றது. பூ நிற்கவில்லை.

"எம்புள்ள திருடல!" சிலுப்பியின் அலறலில் மரத்துப் பறவைகள் எழுந்து பறந்தன. "பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! பழம் இல்ல, புண்ணு! வாயத் தொறக்க முடியாமத்தான் மூடிக்கிட்டிருந்தான். நாந்தான் பாக்கல. நாந்தான் பாவி!"

பூச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைப்புருவன் குனிந்து பார்த்தான். நிமிர அவனுக்கு நேரமாயிற்று.

மொட்டைவாலன் மட்டும் விடவில்லை. "அது கிடக்கட்டும்! குறைஞ்ச பழம் எங்க போச்சு? முழுங்கியிருப்பான்!"

"இந்த வாய வச்சுக்கிட்டு அவன் எப்படிண்ணே முழுங்குவான்? எச்சில முழுங்கவே கண்ணுல தண்ணி வருதே!" சிலுப்பி நிமிர்ந்து நின்றாள். அவளுக்குப் பயம் போய்விட்டது. "தலைவரே, நம்ம எல்லாரும் வெளிய இருந்து கன்னத்தப் பாத்தே ஏமாந்துட்டோம். இன்னிக்கு ஒரு வாயத் தொறந்தோம், உண்மை தெரிஞ்சுது. இருக்குற எல்லா வாயையும் தொறந்து பாருங்க!"

வெள்ளைப்புருவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு எல்லாருக்கும் முன்னால் தன் வாயை 'ஆ' என்று திறந்தான். அடுத்தவன் திறந்தான். அதற்கு அடுத்தவள் திறந்தாள். வரிசை முழுக்கத் திறந்து காட்டியது. கடைசியில் எல்லார் கண்ணும் ஒருவன் மேல் போய் நின்றது.

"எனக்கெதுக்கு? நாந்தானே காவல்!" என்றான் மொட்டைவாலன், பல்லைக் கடித்தபடி.

"எல்லார் கன்னத்தையும் நீ அமுக்குற. உன் கன்னத்த இதுவரைக்கும் யாரும் அமுக்கலையே!" என்றான் வெள்ளைப்புருவன். "திற!"

மொட்டைவாலன் ஓரடி பின்வாங்கினான். வெள்ளைப்புருவன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். 'பொத் பொத்' என்று ஆறு அத்திப்பழங்கள் மண்ணில் விழுந்து உருண்டன. பதவி தந்த மிடுக்கு அவ்வளவும் அந்தப் பழங்களோடு கீழே விழுந்தது.

யாரும் விரட்டும் முன்பே அவன் ஆற்றை நோக்கி ஓடினான். மணலில் கால் வைத்தான். ரம்பச் சத்தம் மறுபடியும் கேட்டது. போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்து, மரத்தின் வேரில் தலையை வைத்துப் படுத்துவிட்டான். சட்டத்தின் பேரில் ஒரு குட்டியைச் சாவுக்கு அனுப்பப் பார்த்த வெள்ளைப்புருவனுக்கு இவனைத் துரத்த மனம் வரவில்லை. அன்றுமுதல் அவனுக்கு எல்லாருக்கும் கீழே உள்ள கிளை, கடைசிப் பங்கு. அவனைப் பற்றி இவ்வளவு போதும். சிலுப்பிக்கு அவனைத் திரும்பிப் பார்க்கவே நேரமில்லை.

சுண்டு அவள் மடியில் துவண்டு கிடந்தான். கண் செருகியது.

"மரங்கொத்தியக்கா!" வேப்பமரத்தைப் பார்த்துக் கத்தினாள். "மத்தியானம் நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க! எம்புள்ளயக் காப்பாத்துங்க!"

மரங்கொத்தி அடுத்த நொடியே வந்து இறங்கினாள். எந்த மரம் எங்கே உளுத்துப்போயிருக்கிறது என்று தட்டியே சொல்லுகிறவள். ஒவ்வொரு பல்லாக அலகு நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த ஒரு பல்லு போச்சு. வேர் வரைக்கும் உளுத்துடுச்சு. மத்ததெல்லாம் இன்னும் பிழைக்கும். பிடிச்சுக்க, கண்ண மூடிக்க!"

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும். இத்தனை நாள் வலிச்சத விடக் கம்மியா."

ஒரே கொத்து. சுண்டு வீறிட்டான். கறுத்த பல் மண்ணில் விழுந்தது. சீழும் ரத்தமும் வழிந்தன. ஆற்றோர மணல் ஊற்றின் நீரில் உப்புமண் கரைத்து, இலவம்பஞ்சை நனைத்து மரங்கொத்தி துடைத்துவிட்டாள்.

"விழுற பல்லுதானேன்னு விட்டுட்டேன்க்கா" என்று விம்மினாள் சிலுப்பி.

"பல்லு விழும்டி, ஈறு விழுமா? நாளைக்கு முளைக்கப் போற பல்லுக்கு அதுதானே நிலம்! நிலம் கெட்டா பயிர் எப்படி வரும்?"

"ரத்தம் வந்துச்சே, தொட்டா அதிகமாயிடும்னு..."

"அழுக்கு படிஞ்சதாலதான் ரத்தமே வந்துச்சு. நீ தொடாம விட்டதும் அழுக்கு இன்னும் ஏறுச்சு. நாளையிலிருந்து மெதுவா, ஈறு ஓரமா, பின்பல்லு வரைக்கும் துடை. எந்திரிச்சதும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. ரத்தம் வந்தாலும் நிறுத்தாத. அவனே தேய்ப்பேன்னா தேய்க்கட்டும். அவன் முடிச்சதும் நீ ஒரு தடவை தேய். அதுக்கப்புறம் பூ கீன்னு எதுவும் வாயில போகக் கூடாது!"

சொல்வது எளிது. மறுநாள் காலையில் நாரைப் பார்த்ததுமே சுண்டு வாயை இறுக்கிக்கொண்டான். காய்ச்சல் இறங்கவில்லை. சிலுப்பி அவன் வாயை மெல்லத் திறந்து துடைத்தாள். நார் சிவந்தது. நிறுத்திவிடு, நிறுத்திவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே துடைத்தாள். இரண்டாம் நாளும் நார் சிவந்தது. சுண்டு தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. அன்று படுக்கும்போது பூவுக்கு ஏங்கி அழுதான். சிலுப்பி பொந்தில் இருந்த பூக்களை எல்லாம் அள்ளிப் பூச்சியின் கிளையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவனை முதுகில் தட்டித் தட்டித் தூங்கவைத்தாள். அவள் அடித்த அதே இடத்தில்தான் தட்டினாள்.

"அம்மா உன்னத் திருடன்னு நினைச்சுட்டேன்டா. அம்மாவ மன்னிச்சுக்கடா" என்று அவன் தூங்கிய பிறகு சொன்னாள். முழித்திருக்கும்போது சொல்ல அவளுக்கு முகமில்லை.

மூன்றாம் நாள் உடம்பு குளிர்ந்தது. நான்காம் நாள் நாரில் லேசான சிவப்பு மட்டும். அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் துடைத்துவிட்டு நாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி சிவப்பு இல்லை.

"அம்மா, பழம்!" என்றான் சுண்டு.

தன் பங்கில் இருந்த அத்திப்பழத்தை அவள் நீட்டினாள். அவன் கடித்தான். வலிக்கவில்லை. மறுபடியும் கடித்தான். சிலுப்பி அன்று சாப்பிடவே இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மழை வந்தது. குளம் நிரம்பியது. பங்கு போடுவதும் கன்னம் அமுக்குவதும் நின்றுபோயின. ஆனால் பொழுது சாய்ந்ததும் தாய்மார்கள் பலர் பிள்ளைகளுக்குப் பல் துடைக்க ஆலமரத்தடியில் வரிசையாக உட்காருவது மட்டும் நிற்கவில்லை. சிலுப்பி நாரைக் கையில் எடுத்ததுமே சுண்டு ஓடி வந்து மடியில் விழுந்து, பின்பல் தெரியும்படி 'ஆ' என்று வாயைத் திறப்பான். ஒரு காலத்தில் சூரியன் இறங்கும்வரை திறக்காத வாய் அது.

ஒரு நாள் பூச்சி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மதினி, சுண்டு கன்னம் ஒட்டிப் போச்சு! என் மகள் கன்னத்தப் பாருங்க, எப்படி உருண்டையா இருக்கு! நீங்க குடுத்த இலுப்பைப்பூதான்!"

சிலுப்பி சிரிக்கவில்லை.

"கன்னம் நல்லாத்தான் இருக்கு. வாயத் தொறந்து பாத்தியா?"

பூச்சி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். மகளை அவசரமாக மடியில் படுக்கவைத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். சிலுப்பி ஓர் இளம் விழுதை ஒடித்து, நுனியை மென்று, அவள் கையில் கொடுத்தாள்.

பிள்ளையின் கன்னத்தைக் கொஞ்சுகிறவர்கள் நாள்தோறும் அதன் வாயையும் திறந்து பார்த்துத் துடைத்துவிட வேண்டும்; விழப்போகிற பால்பல்தானே என்று விட்டுவிட்டால், வலி பிள்ளைக்கு, பழி பெற்றவருக்கு.